உன் கனத்த கேமராவும் என் பொம்மைக் கேமராவும்

அண்ணா,

உன் கேமராவின் கழுத்துப் பட்டையை இப்போதுதான் முகர்ந்து பார்த்தேன். உன் வியர்வை வாசம், மண்டபத்துப் பன்னீர் வாசம், இரண்டுக்கும் அடியில் துருப்பிடித்த ஆணி மாதிரி ஒரு வாசம். அது உன் ரத்தம். அம்மா எத்தனையோ தடவை ஈரத்துணியால் துடைத்தாள். தையலுக்குள் போனது போகவில்லை.

அம்மா கூடத்தில் தூங்குகிறாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. நம் இரும்புலியூரில் பைக் சத்தம் எப்போது ஓய்ந்திருக்கிறது?

இன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றிருந்தான். அன்றைக்கு மண்டபத்தில் உன் கேமராவைத் திறந்தவன், கல்யாணப் பெண்ணின் அண்ணன்.

"இன்னா தங்கச்சி, ஸ்கூல் வுட்டாச்சா? உங்க அண்ணனோட பழைய கேமரா வூட்லதான கீது?"

"அது ஒடஞ்சு போச்சு."

"ஒடஞ்சா இன்னா? சித்தப்பா கேக்குறாரு. அதுல கார்டு போட ரெண்டு எடம் கீதாமே? எனக்கு இப்பத்தான் ஒர்த்தன் சொன்னான். நாளைக்கு சாயங்காலம் வரேன், அம்மாகிட்ட சொல்லி எடுத்து வெய்யி." சிரித்தபடியே, தோளிலிருந்து நழுவியிருந்த என் புத்தகப் பையைச் சரியாக மாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அம்மா பித்தம் என்று நினைத்து இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கேமராவை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? ஒரு பத்திரிகை போட்டோகிராபர் வருஷக்கணக்கில் அடித்துத் துவைத்துவிட்டு உனக்கு விற்றது. முனைகளில் கறுப்பு உரிந்து உலோகம் தெரிந்தது. தூக்கிப் பார்த்த அம்மா, "என்னடா, அம்மிக்குழவி மாதிரி இருக்கு?" என்றாள். நீ பெருமையாக, "சுவத்துல ஆணி அடிக்கலாம்மா" என்றாய்.

நான் பிளஸ் ஒன் சேர்ந்த லீவில் எனக்கென்று புதுசு ஒன்று வாங்கினாய். கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க என்னைக் கூட்டிப்போவதற்காக. பிளாஸ்டிக் உடம்பு, டிபன் பாக்ஸ் கனம்தான், பின்னால் பளபளவென்று பெரிய திரை. உன்னுடையது எட்டு மெகாபிக்ஸல், என்னுடையது பத்து. அதை நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"உன்னுது பொம்மை கேமராடி."

"உன்னுது கிழட்டுக் கேமரா. லைட் கொறஞ்சா படத்துல புள்ளிபுள்ளியா ரவை கொட்டுது."

"ரவை கொட்டினாலும் ஆள் தெரியுதா இல்லையா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டியே வைத்தோம். அம்மா தேங்காய் உடைக்க வேண்டும், இருவரும் எடுக்க வேண்டும். உன் கேமரா தையல் மெஷின் மாதிரி கடகடவென்று அடித்தது. கல்லில் தேங்காய் படுவது, கோடு விழுவது, தண்ணீர் எகிறுவது, அம்மா கண்ணை மூடிக்கொள்வது, எல்லாம் தனித்தனியாக விழுந்திருந்தன. என்னுடையதில் இரண்டு மூடியும் அம்மாவின் முதுகும்தான். பிறகு சமையலறையின் அழுமூஞ்சி பல்பு வெளிச்சத்தில் வைத்த போட்டியில் நான் ஜெயித்தேன். என் படம் வழுவழுவென்று இருந்தது. "ரெண்டு பேருக்கும் சமம்" என்று சொல்லி அம்மா தேங்காய்த் தண்ணீரைத் தானே குடித்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் நீ அந்தச் சின்ன மூடியைத் திறந்து காட்டினாய். உள்ளே பெரிய கார்டு ஒன்று, அதன் பக்கத்தில் நகத்தளவு இடுக்கில் சின்னக் கார்டு ஒன்று. "எடுக்குற படம் ரெண்டுலயும் விழும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். கல்யாணம் ரெண்டு தடவை நடக்காதுடி." என்னுடையதில் ஒரே ஒரு சின்னக் கார்டுதான். அந்தப் பொறாமையில் அழகாக வராத நாலு படத்தை அங்கேயே அழிக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "கேமராவுல வெச்சு எதையும் அழிக்காத. வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்." ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைத்தான் சொல்வாய்.

பெருங்களத்தூர் மண்டபத்துக்குப் போன அன்றைக்கும் சொன்னாய்.

மாப்பிள்ளை கார் வரும் நேரம். நீ வாசலில், நான் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் பக்கத்தில். அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. பெண் விரும்பிய பையன் அவன்தான் என்று ஆரத்திக்காரப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். அவன் சண்டை போட வரவில்லை. வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். பெண்ணின் சித்தப்பா போய் விருந்தாளியை அழைப்பது போல அவன் தோளில் கை போட்டார். "வா தம்பி, சாப்ட்டுட்டுப் போ." அப்படியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். பெண்ணின் அண்ணன்காரனும் பின்னால் போனான். அவன் கையில் வாழையிலை நறுக்கும் கத்தி இருந்தது.

நீ பார்த்துவிட்டாய். "டேய், விடுங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாய். ஓடும்போதே கேமரா முகத்துக்குப் போய்விட்டது. நானும் பின்னால் வாசல் வாழைமரம் வரை ஓடி வந்து என்னுடையதை அழுத்தினேன். இருட்டில் பிடி கிடைக்காமல் என் லென்ஸ் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டே இருந்தது. உன்னுடையது கடகடவென்று அடித்தது. கத்தி முதலில் வயிற்றில் இறங்கியது. அவன் கும்பிடுவது போலக் குனிந்தான். சித்தப்பா அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு கழுத்து. ஜெனரேட்டர் சத்தத்திலும் பட்டாசிலும் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. இன்றுவரை தண்ணீர்க் குழாயில் காற்று வந்தால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

அண்ணன்காரன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். "சித்தப்பா, இவ கையிலயும் ஒண்ணு கீது!"

நீ சிரித்தாய், அண்ணா. அந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிந்தது? "அது பொம்மை சார். ஸ்கூல் பொண்ணு, வெளையாடிட்டிருக்கா. நீங்க தேடறது இதுலதான் இருக்கு." உன் கேமராவைக் கழற்றி நீட்டினாய். அவன் என் திரையைப் பார்த்தான். சீரியல் பல்புகள் கலங்கிப்போன ஒரே ஒரு படம். "மினுக்கு லைட்ட எடுத்துகினு கீது, லூசு" என்று என்னைத் தள்ளிவிட்டான்.

உன்னுடையதைத் திறந்து பெரிய கார்டைப் பிடுங்கினான். "அவ்ளோதான் சித்தப்பா. கார்டு ஒண்ணுதான். நானும் கேமரா வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" அவன் வைத்திருந்தது என்னுடையதைப் போன்ற புதுசு. அதில் ஒன்றுதான் இருக்கும்.

சித்தப்பா கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேமராவின் பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அதை வீசி உன் தலையில் அடித்தார். நீ சொன்னது சரிதான், ஆணி அடிக்கலாம். முதல் அடியில் நீ உட்கார்ந்துவிட்டாய். அடுத்ததில் திரை உடைந்தது, உன் காதுக்கு மேலே எலும்பும் உடைந்தது. அதற்குப் பிறகும் அடித்தார். நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன்காரன் கேமராவை என் காலடியில் போட்டான். "பாப்பா, உங்க அண்ணன் படியில வுழுந்துட்டாரு. இன்னா? படியில வுழுந்துட்டாரு." அந்தப் பக்கம் மாப்பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தார், பேண்டு வாசித்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவில் போகும்போதே நீ போய்விட்டாய், என் மடியில். என் பாவாடையில் உன் சூடு கொஞ்ச நேரம் இருந்தது.

நீ படியில் விழுந்தாய் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பையன் தண்டவாளத்தில் கிடந்தான், ரயிலில் அடிபட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். மீன் வெட்டுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டே போவோர் வருவோரிடம் கேட்கிறாள்: "ரயிலு கழுத்த மட்டும் பாத்து அறுக்குமா? நீ பாத்துகீறியா சாமி? பாத்தவங்க ஒர்த்தராவது வாங்கன்னு வக்கீலு சொல்றாரு, யாருமே வர்ல." அம்மா என் கையைப் பிடித்து வேறு சந்து வழியாக இழுத்துக்கொண்டு போவாள். "இருக்கிற ஒண்ணாவது எனக்கு மிஞ்சட்டும்" என்பாள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீ போனதிலிருந்து அந்தச் சின்ன மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று அவன் கேட்டபிறகு, திறக்காமல் இருக்கத்தான் பயமாக இருந்தது. மூடி நசுங்கியிருந்தது. ஹேர்பின்னால் நெம்பினேன். நகத்தளவு கார்டு அப்படியே இருந்தது. உன் கேமராவின் திரைதான் நொறுங்கிவிட்டதே. அதனால் அதை என் பொம்மையில் போட்டேன். ஒத்துக்கொண்டது. உன் படங்கள் என் பளபள திரையில் வந்தன.

ரவை கொட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் ஆள் தெரிகிறது. நீலச் சட்டை, சித்தப்பாவின் மோதிரம், கத்தி, அதைப் பிடித்தவனின் முகம். அடுத்தடுத்து அழுத்தினால் அந்தப் பையன் திரும்பவும் குனிகிறான். திரும்பவும் நிமிர்த்தப்படுகிறான்.

கடைசிப் படம் அவர்களுடையது இல்லை, அண்ணா. என்னுடையது. அவர்கள் உன் பக்கம் திரும்பியதும், விரலை எடுக்காமலே நீ திரும்பி நான் எங்கே என்று தேடியிருக்கிறாய். வாசல் வாழைமரத்துப் பக்கத்தில் நான், வாயைத் திறந்தபடி, கையில் பொம்மையோடு. நான் எல்லாவற்றையும் பார்த்தேன் என்பதற்கு அந்த முகத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். இந்தக் கார்டை வக்கீலிடம் கொடுத்தால் என்னையும் சாட்சியாகக் கொடுத்ததாகிவிடும். நீ சிரித்துக்கொண்டே மறைத்த என்னை.

குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. அந்த ஒன்றை அழித்தால் மற்ற படங்கள் மட்டும் வக்கீலிடம் போய்ச் சேரும். நான் அங்கே இல்லவே இல்லை என்றாகிவிடும். கூடத்தில் அம்மா இருமினாள்.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

விடிந்ததும் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு, அந்தப் பையனின் அம்மாவிடம் போவேன். கார்டை ரிப்பனில் மடித்து, அவன் பிடித்து இழுத்த அதே பின்னலுக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். கனமே இல்லை. உன் கேமரா அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. சாயங்காலம் அவன் வந்தால் அம்மா எடுத்துக் கொடுக்கட்டும், காலியாக. எனக்குப் பயம்தான், அண்ணா. ரொம்பப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம் என்றாய். நீ வரவில்லை. நான் வந்து பார்த்துவிட்டேன். எதையும் அழிக்கவில்லை.