ஏழாம் காம்பரா, இஸ்தோப்பு

அண்ணே,

இன்று காலை தேத்தண்ணி ஆறுவதற்குள் என் தொலைபேசியில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. நீங்கள் பதிந்து வைத்த அதே சங்கு. நலன்புரிச் சங்கத்து வேனைக் கேட்டு வரும் கோரிக்கை ஏதாவது திருப்பி அனுப்பப்பட்டால் ஊதும். யாரோ தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண்ணை விட்டிருந்தார்கள். "நம்பர்ல ஒண்ணு கொறையுது, பாத்துப் போடுங்க" என்ற உங்கள் வாசகம் அவர்களுக்குப் போயிருக்கும். அடுத்த நிமிடமே சரியான இலக்கம் வந்தது. வேன் புறப்பட்டது. அந்த இடத்தில் நான் முதலில் எழுதியிருந்தது ‘உள்ளீடு செல்லுபடியற்றது’. தொரை பேசுவது போல இருக்கிறது என்று சொல்லி அழிக்க வைத்தீர்கள்.

நம் தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளை ஏற்றிப்போக ஒரே வேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் டிரைவரைக் கூப்பிட்டுக் குழப்பியதால், போனிலேயே விவரம் போட்டு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யலாம் என்றது நீங்கள்தான். கணித ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் புத்தகம் பார்த்து நிரல் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன் நான். தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்ந்தவர் நீங்கள். "நீங்க எழுதுங்க மாஸ்டர், நான் ஒடைக்கிறேன்" என்றீர்கள்.

நன்றாகவே உடைத்துப் பார்த்தீர்கள். வயதுக்கு ‘எரநூறு’ என்று போட்டீர்கள். நோயாளியின் பெயரை விட்டுவிட்டு அனுப்பினீர்கள். கோரிக்கை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை ஸ்கீமாவாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் லைப்ரரி என்ற ஆயத்த நிரல், ஒவ்வொன்றையும் பிடித்துத் திருப்பியது. தூள் சலிக்கிற மெஷின் தோற்றுப்போகும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை. பெயர் எழுத்தில், தொலைபேசி பத்து இலக்கம், லயத்தின் பெயர், அந்த வரிசை வீட்டில் எத்தனையாவது அறை என்ற காம்பரா ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு முழு எண். தோட்டத்து வரைபடத்தில் எண்ணி எடுத்த கணக்கு.

பிறகு அந்தத் தூறல் காலை. அப்போது சங்கு கிடையாது. திரும்பிய கோரிக்கைகளை நான் தினமும் எட்டு மணிக்குத்தான் வாசிப்பேன். ஒரே இலக்கத்திலிருந்து மூன்று. காரணம்: பிள்ளை வலி. காம்பரா: ‘7 இஸ்தோப்பு’. எண் அல்ல என்று மூன்று தரமும் லைப்ரரி திருப்பியிருந்தது.

போனை உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டு, என்னையும் வேனுக்குள் தள்ளி ஏறினீர்கள். அந்தப் பெண்ணை நடத்தியே கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கூட்டி வந்திருந்தார்கள். குற்றவாளி பக்கத்தில் இருப்பது தெரியாமல் மாமியார் என்னிடமே முறையிட்டார்.

"நம்பர் மட்டும் போடுன்னு எவனோ சொல்றான் மாஸ்டர். ஏழுல எம் மூத்த மகன் குடும்பம் இருக்கு. நாங்க முன்னாடி இஸ்தோப்புத் திண்ணைய அடைச்சு அதுல இருக்கோம். ஏழுன்னு எப்புடிப் போடுறது?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சிரிப்பில் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகும், இனி இந்த வேலை வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும் என்றேன். அதற்கு நீங்கள் சொன்னீர்கள்:

"கல்யாணம் முடிச்சு நாலு வருஷம் நானும் இஸ்தோப்புலதான் இருந்தேன். ஒங்க கணக்குல நாங்க ஆளே இல்ல. எங்களையும் சேத்து எழுதிட்டு அப்பறம் நிப்பாட்டுங்க."

எனக்குத் தெரியாத விஷயமா அது? நானும் லயத்தில் பிறந்தவன்தான். வரைபடத்தில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். அன்று பின்னேரமே திருத்தினோம். காம்பராவுக்கு என்ன எழுதினாலும் ஏற்கும். புரியாததாக இருந்தால் அடையாளம் போட்டு டிரைவருக்கு அனுப்பும், அவர் கூப்பிட்டுக் கேட்பார். தொலைபேசி இலக்கத்தையும் தளர்த்தப் போனேன். அதை மட்டும் விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றீர்கள். இலக்கம் பிழைத்தால் கேட்பதற்கே வழியில்லை. சொல்லப்போனால் அந்த ஸ்கீமாவின் நல்ல பாதி உங்களுடையது.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்தின் கீழ்ப் பிரிவையும் சேர்க்கும்படி சங்கம் கேட்டது. முன்பென்றால் வரைபடம் கேட்டிருப்பேன். போன வாரம் நடந்து இறங்கினேன். தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட எனக்குள்ள பயம் உங்களுக்குத் தெரியும்; நீங்கள் தட்டுவீர்கள், நான் பின்னால் நிற்பேன். முதல் வீட்டு அம்மா, ஓட்டுக் கேட்டா வந்திருக்கிறீர்கள் என்றார். வேனுக்கு விலாசம் கேட்க வந்தேன் என்று தடுமாறிச் சொன்னேன். இதற்கா இப்படிப் பயந்து நிற்கிறீர்கள் என்று சிரித்து, உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்து மூடிப்போன பிள்ளைக் காம்பராவில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது, அண்ணே. எந்த வரைபடத்திலும் இல்லை.

இன்னும் ஒரு லயம் மீதி. மழை விட்டதும் போவேன். கதவுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமுவேன். நீங்கள் தட்டுவீர்கள் என்று வழக்கம்போலக் கொஞ்சம் காத்திருப்பேன். பிறகு நானே தட்டுவேன்.