படுக்கையறைக்கும் சேர்த்து ஓர் அடுப்பு

அன்புள்ளவளுக்கு,

லூலியோ நகரில் உன் தங்கை வீட்டில் சௌகரியமாக இருப்பாய். இங்கே ஏரி உறைந்துவிட்டது. வீட்டைச் சூடாக்கும் பழைய அடுப்பு விரிசல் விட்டதால் போன வாரம் ஹில்டிங்கின் அடுப்புக் கடைக்குப் போனேன்.

மரத்தூள் உருண்டைகளை எரிக்கும் அடுப்பைக் காட்டினான். அதற்கு மின்சாரம் வேண்டும். டிசம்பரில் நம் சூரியத் தகடுகள் ஒரு விளக்குக்கே திணறுகின்றன. மண்ணெண்ணெய் வாடை உனக்கு ஆகாது. கடைசியில் விறகடுப்புதான்.

"தனியாத்தானே இருக்கீங்க அண்ணே, சின்னது போதுமே. பெருசுன்னா விறகு பிளந்தே முதுகு போயிடும்" என்றான்.

"படுக்கையறையும் சூடாகணும்டா."

நான் சமையலறை பெஞ்சில் தூங்குவதை அவனிடம் சொல்லவில்லை.

கல் பதித்த பெரிய அடுப்பையே வாங்கினேன். மாலையில் மூட்டினால் காலைவரை கல் சுடுகிறது. போன மார்ச்சில் நீ, "இந்தக் குளிர்ல என்னால முடியலப்பா" என்றாய். "முடியலன்னா கிளம்பு" என்றேன். அன்றே வாங்கியிருக்க வேண்டியது.

இப்போது நம் அறையில் பத்தொன்பது டிகிரி. கம்பளிச் சட்டை போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேருந்து இன்னமும் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. வாசலிலிருந்து அது நிற்கும் இடம்வரை தினமும் பனியை அள்ளிப் பாதை போட்டு வைக்கிறேன்.

உன் பிடிவாதக்காரன்