மூலை வைரவரும் நீங்கள் காணாத கனவும்

அன்புள்ள அத்தான்,

அன்புள்ள என்று எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் எழுதத்தான் போகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களோடு சண்டை பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

மண்டலாபிஷேக மலருக்குத் தலவரலாறு எழுதித் தரும்படி கோயில் செயற்குழு கும்பாபிஷேகத்துக்கு முன்பே கேட்டிருந்தது. ஒரு பக்கம் போதுமாம். "ஊரில அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்தனீங்கள், உங்களை விட்டா ஆர் அண்ணை எழுதுறது?" என்றார் தலைவர் ஜெயக்குமார். என்ன எழுதவேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வைரவர் உங்கள் கனவில் வந்ததை எழுதவேண்டுமாம்.

எந்தக் கனவு, அத்தான்?

எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இந்தப் பிரெஞ்சு நகரத்தில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நீங்கள் பலசரக்குக் கடை திறந்த காலம். கடைக்குப் பின்னால் முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டை அடுக்கிய அறை, அதற்கு ஓர் இரும்புக் கதவு. கதவுக்குப் பக்கத்து மூலையில் தெருவால் போகிறவர்கள் எல்லாம் வந்து மூத்திரம் பெய்தார்கள். நீங்கள் பிரெஞ்சில் பலகை எழுதி வைத்தீர்கள், பிறகு தமிழிலும் எழுதி வைத்தீர்கள். பலகைக்கு மேலேயே பெய்தார்கள்.

அப்போது அக்கா கடையைப் பார்க்க, நீங்கள் பகலில் கட்டட வேலைக்கும் பின்னேரத்தில் உணவகத்துக்கும் போய்க்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் வேலைத்தலத்திலிருந்து கம்பித் துண்டுகள் கொண்டுவந்தீர்கள். அவற்றை வளைத்து, ஒட்டுவித்து, மூன்று முனையுள்ள சூலமாக்கி, ஒரு நல்லெண்ணெய்த் தகரத்துக்குள் சீமெந்து ஊற்றி நட்டீர்கள். குங்குமம் பூசினீர்கள். மூன்று முனையிலும் தேசிக்காய் குத்தி அந்த மூலையில் வைத்துவிட்டு, "வைரவர் நிக்கிறார், இனிப் பெய்யட்டும் பாப்பம்" என்றீர்கள். பக்கத்தில் நான்தான் சீமெந்து வாளியோடு நின்றேன்.

அதுதான் தலவரலாறு. எம்மவர்கள் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களும் கொஞ்ச நாளில் நிறுத்தினார்கள். கூரான கம்பிக்கு முன்னால் நின்று அந்த வேலை செய்ய எந்தச் சாதி மனிதனுக்கும் மனம் வராதுதானே.

பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. ஊர்க் கோயில்களில் கடைசிப் பூசை வைரவருக்கு நடக்கும்; அது முடிந்ததும் கோயில் பூட்டின் திறப்பை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கடை பூட்டிய பிறகு உங்கள் திறப்பை அப்படிச் சூலத்தடியில் வைத்தீர்கள். அதைப் பார்த்து முடிதிருத்துகிற கடைக்காரர் புதுக்கடைத் திறப்போடு வந்தார். மார்க்ஸ் டோர்மோயில் வீடு கிடைத்தவர்கள் வந்தார்கள், ஓல்னேயில் வீடு வாங்கியவர்கள் வந்தார்கள். திறப்பை ஒரு தரம் சூலத்தடியில் வைத்து எடுக்காமல் புது வீட்டுக் கதவைத் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது. வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் அறியவில்லை. நான் அறியாததும் நிறைய இருக்கும்.

வடைமாலை சாத்தினால் முதல் வடை நாய்க்கு. வைரவரின் வாகனம் கறுப்பு நாயாக இருக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடிப் பிரெஞ்சு மதாமின் குட்டி வெள்ளை நாய். அதற்குப் பருப்பு வடை பிடிக்காது, உளுந்து வடைதான் தின்னும். அதனால்தான் இன்றுவரை எங்கள் வடைமாலை உளுந்தில் செய்யப்படுகிறது. இதையும் யாரோ ஆகமம் என்று சொல்லித் திரிகிறார்களாம்.

அரிசி மூட்டைகள் வெளியே போயின. பிள்ளையாரும் முருகனும் அறைக்குள் வந்தார்கள். ஐயர் வந்தார், சங்கம் பதிந்தார்கள். சூலம் மட்டும் வெளியே, கதவடியில், தன் தகரத்தோடு நின்றது.

இவ்வளவு நல்ல வரலாறு உங்களுக்கு ஏன் வெட்கமாகிப் போனது? ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து, "இஞ்சை வைரவர் எப்பிடி வந்தவர்?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், சூலத்தைப் பார்த்தீர்கள், "கனவில வந்து சொன்னவர்" என்றீர்கள். முதல் தரம் சொன்னபோது கனவில் வெறும் குரல்தான் கேட்டது. அடுத்த தரம் நாய் குரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலத்தில் வைரவர் கருங்கல்லில், நாய் வாகனத்தோடு, தலையைச் சுற்றிச் சுடரோடு வந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இவன் நாக்கை ஊரில விட்டிட்டு வந்திட்டான்" என்று எல்லோருக்கும் முன்னால் என்னைச் சொல்வீர்களே, அந்த நம்பிக்கையில்தானே அவ்வளவு சுடர் விட்டீர்கள்?

அந்தப் பொய் என்ன செய்தது என்று கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு கோயிலைத் திருத்தினார்கள். மகாபலிபுரத்திலிருந்து கல் வைரவர் வந்தார். கூட்டத்தில் ஜெயக்குமார் எழுந்து, "பெரியவர் கனவில கண்டது கல்லில. கம்பியில இல்லை. கம்பி சும்மா தற்காலிகம். இனி வைரவர் உள்ளுக்க, உந்தச் சூலத்தை எடுக்கலாம்" என்றார்.

நான், "எண்டாலும், தம்பி..." என்று தொடங்கினேன்.

"என்ன எண்டாலும்? அவர் கண்ட கனவு பொய்யோ, அண்ணை?"

உங்களைப் பொய்யர் என்று சொல்லவேண்டும், அல்லது சூலத்தை விடவேண்டும். இரண்டு பக்கமும் என்னைக் கட்டிவிட்டுப் போனது நீங்கள்தான்.

ஒருவேளை எனக்குத்தான் நினைவு பிழையோ என்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தவே இல்லை. "இரண்டு வேலை செய்த மனுசன். நித்திரையே இல்லை, கனவு எங்கால?" என்றா. பிறகு, "கட்டினவள் எனக்குச் சொல்லாத கனவை உவன் ஜெயக்குமாருக்குச் சொன்னவரோ?" என்றா.

சூலத்தை எடுத்துக் குப்பை சேர்க்கிற இடத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். மரியாதையாக ஆற்றில் விடப்போகிறோம் என்றார்கள். ஆற்றில் விடத் தகரம் பாரம், தூக்க ஆளில்லை. பழைய கட்டில், மெத்தை ஏற்றுகிற நகரசபை வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சூலம் நின்ற மூலையில் குப்பைத்தொட்டிகளை வைத்தார்கள். திறப்போடு வந்தவர்களை, உள்ளே ஐயரைத் தவிர வேறொருவரும் வைரவரைத் தொடக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

கும்பாபிஷேகம் நடந்தது. நன்றாகவே நடந்தது, அதை மறைக்கமாட்டேன். அன்று மாலை கடைசிப் பூசை முடிந்ததும் ஐயர் முறைப்படி திறப்பை வைரவர் காலடியில் வைக்கப் போனார். ஜெயக்குமார், "பொறுங்கோ ஐயா, எல்லாத் திறப்பையும் வையுங்கோ, படம் எடுக்கவேணும்" என்றார். ஐயரின் திறப்பு, பொருளாளரின் திறப்பு, தன் திறப்பு எல்லாவற்றையும் ஒரு வெள்ளித் தட்டில் போட்டு வைத்தார்கள். படம் எடுத்தார்கள். கும்பிட்டார்கள். வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

அத்தான், அந்த இரும்புக் கதவு உங்களுக்குத் தெரியும். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். இத்தனை காலமும் வைரவர் வெளியே நின்றதால் திறப்பும் வெளியே இருந்தது. இப்போது வைரவர் உள்ளே. திறப்பெல்லாம் வைரவரோடு உள்ளே. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நல்ல நித்திரை கொள்ள எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை நானும் அக்காவும் போனபோது முற்றம் நிறைய ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை, தூறல் வேறு. ஓல்னேயிலிருந்து வந்தவர்கள் பொங்கல் பானையைக் குடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐயர் வேட்டிக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினார்.

"ஐயா, கதவு திறக்கிற மந்திரம் ஒண்டும் படிக்கேல்லையோ?" என்றது ஒரு குரல்.

"வைரவரைக் கூப்பிடுங்கோ, திறப்பு அவரிட்டைத்தானே" என்றது இன்னொன்று.

ஜெயக்குமார் பட்டுவேட்டி நனைய நனையத் தொலைபேசியில் பூட்டுத் திறக்கிற செருரியேயோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு என்பதால் மத்தியானம்தான் வருவானாம். பூட்டை உடைத்தால் கதவுக்கு மேலே புதிதாக அடித்த சிற்பப் பலகையும் சேர்ந்து போகுமாம்.

கதவடியில் மணம் வந்தது. தொட்டிகளின் குப்பை மணம் அல்ல. சூலத்தை எடுத்துச் சில வாரம்கூட ஆகவில்லை, பழையபடி ஆட்கள் வந்து அந்த மூலையில் பெய்யத் தொடங்கிவிட்டார்கள். புது மாவிலைத் தோரணத்துக்குக் கீழே சுவரில் ஈரம்.

என் குளிர்ச்சட்டையின் உட்பையில் ஒரு திறப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து நீங்கள் தந்தது. "நீ பயந்தவன். பயந்தவன் ஒண்டையும் துலைக்கமாட்டான்" என்று சொல்லித் தந்தீர்கள். உள்ளே எல்லாவற்றையும் மாற்றினார்கள். பூட்டை மாற்றக் கட்டடச் சொந்தக்காரன் விடவில்லை. அதனால் இந்தத் திறப்பு இன்னும் பொருந்தும்; அது என்னிடம் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

உடனே எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும். கிழவிகள் நனைந்துகொண்டு நின்றார்கள். நான் கொடுக்கவில்லை. சரியோ பிழையோ, இன்னும் எனக்குத் தெரியாது.

"சூலத்தை அதின்ரை இடத்தில வையுங்கோ" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"அண்ணை, இப்ப அதோ முக்கியம்?" என்றார் ஜெயக்குமார்.

"ஓம். அதை வைச்சா நான் கதவு திறப்பன்."

சிரித்தார்கள். "சிவமண்ணைக்குப் பனி மண்டைக்க போட்டுது" என்றார் ஒருவர். நான் திறப்பை எடுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"தாங்கோ, அண்ணை."

"தரமாட்டன்."

"தராதை, தம்பி" என்றா அக்கா பின்னாலிருந்து.

"இது மிரட்டல்" என்றார் ஜெயக்குமார். "நான் பொலிசைக் கூப்பிடுவன்."

"கூப்பிடு" என்றா அக்கா. "வைரவரிட்டை எல்லாத் திறப்பையும் குடுத்திட்டு வெளியில நிக்கிறம் எண்டு பிரெஞ்சில வடிவாச் சொல்லு. நானும் கேக்கவேணும்."

அவர் என்னிடம் திரும்பினார். "உங்கட அத்தான் கண்ட கனவுக்கு நீங்கள் குடுக்கிற மரியாதை இதுவோ?"

அப்போதுதான் சொன்னேன், அத்தான். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "அவர் கனவு காணேல்லை. உந்த மூலையில ஆக்கள் மூத்திரம் பெய்ததாலதான் சூலம் வைச்சவர். நம்பாட்டி மணந்து பாருங்கோ."

ஜெயக்குமார், "எங்கட கோயிலை மூத்திர மூலை எண்டுறியளோ?" என்று கத்தினார். பொங்கல் பானையோடு நின்ற ஒரு பெண் மெதுவாக மூக்கைச் சுளித்து, இரண்டடி தள்ளி நின்றா. பக்கத்தில் நின்றவர்களும் தள்ளி நின்றார்கள்.

தொட்டிகளை இழுத்தார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மூலையைக் கழுவினார்கள். நகரசபை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை; ஜெயக்குமாரும் முடிதிருத்துகிற கடைக்காரரும் சாக்கை விலக்கித் தகரத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிவந்தார்கள். பட்டுவேட்டியில் இரும்புக் கறல் பட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்த வயதில் அப்படிச் சந்தோசப்படலாமா என்று பிறகு யோசித்தேன்.

சூலத்தடியில் திறப்பை ஒரு தரம் வைத்து எடுத்து, கதவைத் திறந்துவிட்டேன். ஜெயக்குமார் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. நானும் அவரோடு கதைப்பதில்லை. ஐயர் மட்டும் கடைசிப் பூசையை உள்ளே கல்லுக்கும் செய்கிறார், வெளியே வந்து கம்பிக்கும் செய்கிறார். திறப்பை வெளியேதான் வைக்கிறார். போன கிழமை மார்க்ஸ் டோர்மோயில் வீடு கிடைத்த ஒரு பிள்ளை திறப்போடு வந்து, என்ன செய்யவேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டது. காட்டினேன்.

மலருக்கு வேறு வரலாறு எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். போடாவிட்டால் தெருவில் இருக்கிற கடைகள் எல்லாவற்றிலும் படியெடுத்துக் கொடுப்பேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மூத்திரத்தை நிறுத்திய ஒரு கம்பி, ஊர் விட்டு வந்த சனம் தன் வீட்டுத் திறப்பை நம்பி வைக்கிற இடமாக மாறியது. இதைவிட என்ன அதிசயம் வேண்டுமென்று அதற்கு மேலே கனவைப் பூசினீர்கள்? இதற்கு மட்டும் உங்களிடமிருந்து ஒரு மறுமொழி கேட்க விருப்பம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும்வரை அந்தச் சூலம் உள்ளேயும் போகாது, ஆற்றுக்கும் போகாது. எனக்குப் பிறகு இந்தத் திறப்பு யாரிடம் என்பதையும் யோசித்துவிட்டேன். நிச்சயமாக நாக்கு உள்ள ஒருவரிடம்தான்.

நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். மழை பெய்திருந்தது, முற்றம் முழுக்க ஈரம். பலகை மறைப்பில் மழை படாத அந்த மூலை மட்டும் காய்ந்திருந்தது.

திறப்பை இன்னும் துலைக்காத
உங்கள் மச்சான்,
சிவபாதம்