ஆமாம், அந்த மீனை நானும் தின்றேன்

வக்கீலே,

மெஸ்ஸில் யாரோ ஷேரி மீன் பொரிக்கிறார்கள். மிளகாய்த்தூள் கருகும் நெடி படியேறி ரூம் வரை வருகிறது. லீவில் ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து நீர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்துக் கட்டில்காரன் கேட்கிறான்: "அண்ணே, இந்த மீனப் போட்டுத்தான அந்த வக்கீலு அஞ்சு பேர வாங்குனாரு?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீர் கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை, சாரம் கட்டுகிறவர் என்பது துபாய் அல் கூஸ் முழுக்கத் தெரியும். ஆனால் நம் லேபர் கேம்பில் ஒருவன் மேல் புகார் வந்தால், கேம்ப் பாஸ் காதுக்குப் போகும் முன் மற்ற ரூம்களிலிருந்து ஐந்து பேரை உட்காரவைத்துக் கேட்பது வழக்கம். மாட்டிக்கொண்டவனுக்காகப் பேச நீர் எழுந்தால் வேறு கேம்புக்காரர்கள்கூடக் கேட்க வருவார்கள். அவ்வளவு பெயர் உமக்கு.

அன்றைக்கு மாட்டியவன் ஒரு பெயிண்டர். வந்து மூன்று மாதம்தான். கூட இருந்த கொத்துவேலை மேசனின் போனை எடுத்துவிட்டான் என்று புகார். குற்றம் என்று எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். டியூட்டி முடிந்து அப்படியே வந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தோம். நீர் பேச்சைத் தொடங்கவில்லை. ஆளுக்கொரு தட்டுச் சோறும் இரண்டு துண்டு மீனும் வைத்தீர். புகார் சொன்ன மேசனுக்கும் வைத்தீர், அவரும் தின்றார். அதை மட்டும் இப்போது எவனும் சொல்வதில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் கேட்டோம். போனை அவன் கையில் பார்த்தவர் யாருமில்லை. அவன் பெட்டியிலும் இல்லை. ரூமில் எட்டுப் பேர், கதவுக்குப் பூட்டே கிடையாது. மூன்றுக்கு இரண்டு என்று விட்டுவிட்டோம். மூன்றாவது ஆள் நான்.

மேசன் விடவில்லை. மறுவாரமே கூட்டம் கூட்டினார். "மீனப் போட்டு வாங்கிட்டான், தீர்ப்பு செல்லாது" என்று ஒரே கூப்பாடு. நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கக்கேடு. நீர்தான் எழுந்தீர்.

"ஆமாய்யா, போட்டேன். பசியும் தூக்கமுமா உக்காந்திருக்கவன் எவனையாச்சும் ஊருக்கு அனுப்பிட்டுப் படுக்கத்தான் பாப்பான். வயிறு நெறஞ்சாத்தான் காது கேக்கும். தப்புன்னா என்னைய ஒதுக்கி வைங்க. தீர்ப்பத் தொடாதீங்க."

ஒதுக்கி வைத்தார்கள். கலாஸ், அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நீர் யாருக்காகவும் பேசவில்லை. பெயிண்டர் தப்பித்தான். அன்று சாயங்காலம் படிக்கட்டில் உம்மிடம் கேட்டேன்: "உண்மையச் சொல்லும் வே, அவன் எடுத்தானா?"

"எனக்கு என்னவே தெரியும்? தெரியாம ஒருத்தன அனுப்பக் கூடாதுல்லா?"

இன்றுவரை எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கட்டில்காரனிடம் கத்தியே சொன்னேன்: "தின்னது நான்தாம்லே. ரெண்டு துண்டு. திங்காம இருந்திருந்தா அந்தப் பெயிண்டரப் பிளைட்டு ஏத்தி அனுப்பியிருப்பேன். என்னைய எவனும் வாங்கல. போய் எல்லாவன்ட்டயும் சொல்லு."

வருகிற லீவு நாளில் இன்னொரு விசாரணை இருக்கிறது. ஒரு கிளீனர் மேல் புகார். பழைய ஆள் என்று என்னை ஐந்து பேரில் ஒருவனாக உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

"பின்ன என்னவே செய்யப்போறீரு?" என்றார்கள்.

"அவன் பக்கத்துல நிக்கப்போறேன்."

நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை, வக்கீலே. இப்போதே பயமாக இருக்கிறது. இருக்கட்டும்.