மச்சானப் போடு, தொறக்கும்

கூப்பிட்டால் இனி திரும்பிப் பார்க்காத என் மச்சான் குணாவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நேராகச் செய்திக்கு வருகிறேன். கதவு திறந்துவிட்டதடா! நம் கிடாயின் கதவு. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில்.

இதை ஞாயிறு பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நியாலாஸில் எங்கள் வீட்டில் என் அப்பா படித்துவிட்டு, "கல்யாணத்த வச்சுக்கிட்டு விந்தணு அது இதுன்னு எழுதாத லா, சொந்தக்காரங்க படிப்பாங்க" என்றார். படிக்கட்டும். அவர்களெல்லாம் வேறு எதிலிருந்து வந்தார்களாம்?

அவர்களுக்கும் சேர்த்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நீ கொட்டாவி விட்டுக்கொண்டே கேள். ஆணின் உடம்பில் இருக்கும்வரை விந்தணு அரைத்தூக்கத்தில் கிடக்கும். பெண்ணின் உடம்புக்குள் போனதும் அதன் உள்ளே அமிலத்தன்மை குறையும். வாலில் இருக்கும் ஒரு கதவு அதை உணர்ந்து திறந்துகொள்ளும், பொட்டாசியம் வெளியே ஓடும். அது ஓடினால்தான் கால்சியம் நன்றாக உள்ளே வரும், வால் சாட்டை மாதிரி வீசி அடிக்கும். அந்தக் கதவு மூடியே கிடந்தால் அது முட்டையைத் துளைப்பது கஷ்டம். பிள்ளையும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை.

ஆனால் அந்தக் கதவு ஒற்றை ஆளாக வேலை செய்யாது. பக்கத்தில் ஒரு சின்னத் துணைப் புரதம் ஒட்டி நிற்க வேண்டும். அது கதவைத் தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. கூட நிற்கும், அவ்வளவுதான். அது நின்றால், உடம்பில் சாதாரணமாக இருக்கிற மின்னழுத்தத்திலேயே கதவு திறக்கும். இல்லாவிட்டால், எந்த உடம்பிலும் இல்லாத மின்னழுத்தத்தைக் கொடுத்தால்தான் அசையும்.

நம் லேப்பில் நாம் என்ன செய்தோம்? கிடாயின் கதவுக்கான செய்முறையைத் தவளை முட்டைக்குள் ஊசியால் போட்டோம். முட்டை அதைப் படித்து, கதவைச் செய்து, தன் தோலில் பொருத்திக்கொள்ளும். பிறகு மின்சாரம் ஓடுகிறதா என்று திரையில் பார்ப்போம். பக்கத்து லேப்பில் எலியின் துணைப் புரதம் தயாராக இருந்தது. எனக்குப் பொறுமை ஏது? அதையே சேர்த்துப் போட்டேன். திரையில் கோடு படுத்தே கிடந்தது.

"துணையாவது மண்ணாவது. கதை லா" என்றேன்.

நீ விடவில்லை. "எலிக்குத்தான்டா எலி நிக்கும். கெடாய்க்குக் கெடாய் வீட்டு மச்சான் வேணும். நாளைக்கு உன் கல்யாணத்துல ரோட்டுல போறவன் வந்து கால் கழுவுவானா?"

ஜாசின் பாசாரில் இருக்கும் கறிக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஐஸ் பெட்டியோடு நின்று நீ ஆட்டு விதை கேட்டதும் கடைக்கார அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தம்பிக்கா? சூப்பு வச்சுக் குடு, நிமிந்து நிப்பாரு!"

"இவனுக்கு இல்லண்ணே. தவளைக்கு" என்றாய்.

கத்தியை ஓங்கிய கை அப்படியே நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் அந்த அண்ணன் என்னைக் கண்டால், "தவளைக்கு உடம்பு தேவலையா தம்பி?" என்று கேட்கிறார்.

அந்த விதையிலிருந்து கிடாயின் துணைப் புரதத்துக்கான செய்முறையை நீ பிரித்தெடுத்து, குட்டிக் குழாயில் அடைத்து உறைபெட்டியில் வைத்தாய். அதை முட்டையில் போட்டுப் பார்க்க ரத்தத்தில் வந்த அந்த நோய் உன்னை விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசினாய். உன் தங்கச்சி தர்ஷினி போனை உன் முகத்தருகே பிடித்திருந்தாள். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் முகமூடி. எனக்குக் கேட்டது இதுதான்: "மச்சான்... போடு. தொறக்கும்."

நான் என்ன நினைப்பேன்? பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நீ என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாய்! தைரியம் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ போன பிறகு, போடச் சொன்னாயே என்று போட்டேன். துணை என்பதே கதை என்றிருந்தேன், அதனால் கதவை மட்டும் போட்டேன். கூட்டிப் போட்டேன், குறைத்துப் போட்டேன். கோடு எழவேயில்லை. தைரியம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு நடுவில் நானும் தர்ஷினியும். உனக்கு முன்பே தெரியும். "மச்சான் மச்சான்னு கூப்பிட்டே காரியத்த சாதிச்சிட்டியேடா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நக்கல் அடித்தவன்தானே நீ.

உன் முதல் திதி முடிந்ததும் ரெம்பியாவில் உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு உட்கார்ந்தது. எல்லாம் நன்றாகப் போனது. "மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மணவறைக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?" என்று யாரோ கேட்டார்கள். உன் அம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சடங்கே வேணாம். நானே உள்ள நடந்து வரேன்" என்றேன். தர்ஷினி முறைத்தாள். "உங்களுக்கு எதுக்கும் யாரும் வேணாம், அப்படித்தானே?" அவளுக்கு அது சடங்கு இல்லை. உன் இடம். அதை நான் ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டேன் என்று கோபம்.

உன் பெரியப்பா சமாதானத்துக்கு வந்தார். "இதுக்கு ஏன் சண்ட? சிரம்பான்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். ஒரு மச்சானப் போடு, கால் கழுவுனதுக்கு மோதிரத்த மாட்டு, முடிஞ்சிச்சு லா."

மச்சானப் போடு.

கையில் இருந்த முறுக்கைக் கீழே வைத்தேனா என்றுகூட நினைவில்லை. நீ என்னைக் கூப்பிடவே இல்லையடா! எதைப் போடுவது என்று சொல்லியிருக்கிறாய், நீ மச்சான் என்ற அந்தத் துணைப் புரதத்தை. முகமூடிக்குள் ஓர் 'அப்' மாட்டிக்கொண்டது. எனக்கு எல்லாமே தலைகீழாகிவிட்டது.

"எங்கடா போற?" என்று பெரியப்பா கத்தினார். "மச்சானப் போட!" என்றேன். அவர் சிரம்பானுக்குத்தான் கிளம்பிவிட்டேன் என்று நினைத்தாராம்.

உறைபெட்டியில் உன் குழாய் இருந்தது. மூடியில் நீல மையில் 'ம'. கதவையும் அதையும் சேர்த்து முட்டைகளில் போட்டேன். இனி முட்டை தன் வேலையைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கே காத்திருக்காதவன் தவளை முட்டைக்குக் காவல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோடு எழுந்தது. சாதாரண மின்னழுத்தத்தில், அழகாக, வளைந்து. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேப் மலாய்த் தோழி "கெனாப்பா?" என்று காரணம் கேட்டு ஓடிவந்தாள். "மச்சான் சுடா சம்பாய்!" என்றேன், மச்சான் வந்தாச்சு என்று. யார் வந்து சேர்ந்தது என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பாவம். ஒரு தடவையை நம்பாதே என்பாய். வேறு முட்டையில் பார்த்தேன், எழுந்தது. உன் குழாயைச் சேர்க்காமல் போட்டு வைத்திருந்த முட்டையில் பார்த்தேன், படுத்தே கிடந்தது.

எலியில் பார்த்ததாகப் படித்த ஒன்று மட்டும் என்னை விடவில்லை. கதவு இல்லாத விந்தணுவில் துணைப் புரதமும் தங்குவதில்லையாம். அப்படியென்றால், நீ இல்லாத வீட்டில் நான் யாருக்கு மச்சான்?

அன்று சாயங்காலமே ரெம்பியாவுக்குப் போய் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். உன் அம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்ப அவன் கடைசியா சொன்னது உனக்கு இல்லையாப்பா?"

"இல்ல அத்தை. வேலைக்குச் சொன்னது."

"மூச்சு விட முடியாதப்பவும் வேலதானா இவனுக்கு!" என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தர்ஷினி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கோபம் தீர்ந்தது என்று அர்த்தம்.

அப்போதுதான் உன் கடைசித் தங்கச்சி கீர்த்தி வாயைத் திறந்தாள். பேங்க் வேலையிலிருந்து வந்த உடுப்போடு நின்றாள். "அப்ப சிரம்பான் ஆளு எலி மச்சான். கரெக்டா அத்தான்?"

"கரெக்ட்."

"நான் கழுவுறேன். நானும் இந்த வீட்டு ஆளுதானே. எலி இல்லையே!"

பெரியப்பா இழுத்தார். "பொம்பளப் புள்ள கால் கழுவுற வழக்கம் இல்லையேம்மா..."

உன் அம்மா எழுந்து நின்றார். "என் புள்ள செய்ய வேண்டியத என் புள்ள செய்யட்டும்."

கீர்த்தி விரலை நீட்டினாள். "மோதிரம் இந்த அளவுக்குப் பண்ணுங்க அத்தான். அண்ணன் அளவுக்குப் பண்ணி என்னை ஏமாத்தாதீங்க."

கேட்டாயா? நான் யாருக்கு மச்சான் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, விரலை நீட்டிக்கொண்டு.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாதம் மண்டப வாசலில் அவள் செம்பைச் சாய்க்கும்போது நான் அவசரப்பட மாட்டேன். கடைசிச் சொட்டு விழும்வரை அசையாமல் நிற்பேன். அவள் கையைப் பிடித்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பேன்.

முன்பு வாயால் மட்டும், இனி முறையாலும்,
உன் மச்சான்
தினேஷ்