மழை மாதங்களில் நீ கொண்டுபோன தூக்கு

பத்தொன்பது வயதிலும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீ போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உப்பளத்தில் இந்த வருஷம் நல்ல வெயில். உன் பாத்தியில் இப்போது கூனிமேட்டுக்காரர் ஒருத்தர் உப்பு வாருகிறார்.

உனக்குச் சொல்ல வேண்டிய பெரிய சேதி வேறு. என் உதவித்தொகை மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் உன்மேல் எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது எனக்குள்ளேயே கிடக்கும்.

போன வருஷம் கல்லூரியில் சேர்ந்ததும் வருமானச் சான்றிதழ் வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? "உப்பளத்துல வருஷத்துக்கு எத்தினி மாசம்பா வேலை?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். நீ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பன்னெண்டு மாசமும் இருக்குதுங்க" என்றாய். அவர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நீ சொன்னதையே எழுதி, உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற எனக்கு அது பொய்யாகவே படவில்லை. ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் மூழ்கிவிடும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த மாதங்களிலும் நீ காலையில் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாயே. குடோனில் மூட்டை ஏற்றப் போகிறேன் என்பாய். அதை நம்பித்தான் நான் வளர்ந்தேன்.

தை மாதம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். வேலையில்லாத மழைக்கால நாலு மாதத்துக்கும் கூலி சேர்த்ததால் வந்த வினை. ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் படிப்பு அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மாதான், "பாத்தி தண்ணியில கெடக்கறப்போ கூலி ஏதுடி?" என்றாள். "அப்போ குடோனு?" என்று கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். மாசியில் விசாரணைக்கு உன்னையும் அழைத்து வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய்.

தாலுகா ஆபீஸில் அதிகாரி உன் பழைய வாக்குமூலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானேப்பா?"

"ஆமாங்க."

"பன்னெண்டு மாசமும் வேலைன்னு இருக்குதே?"

"பொய்ங்க அது. ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் ஒண்ணும் கெடையாதுங்க."

"வேற வேலைக்குப் போக மாட்டியா?"

"என்னிக்காச்சும் ஒரு நாள் குடோன்ல கூப்புடுவாங்க. மத்த நாளு தூக்கை எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்துடுவேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவேங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்பா, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் சொல்லலை?"

"பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்துதுங்க."

நீ இதைச் சொன்னபோதும் நான் உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், அப்பா.

வெளியே வந்ததும் டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தாய். உனக்கு என்று கேட்டதற்கு, "பசிக்கலை பாப்பா" என்றாய். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது.

பங்குனியில் நீ பாத்தியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களிடம் எதையாவது சொல்ல நினைத்தாயா?

காரியம் முடிந்த பிறகு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க், "அப்பா இல்லேன்னா இனிமே ஈஸிம்மா. புதுசா சர்டிபிகேட் வாங்கி அப்ளை பண்ணிடு. இந்த அப்பீலை விட்டுடு" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நீ உயிரோடு வந்து நின்று, மானத்தை விட்டுச் சொன்னது அவ்வளவுதானா?

"புது அப்ளிகேஷன் அடுத்த வருஷத்துக்கு சார். இந்த வருஷத்துக்கு எங்க அப்பா இருந்தாரு. அவரு சொன்னதை வச்சே முடிச்சுக் குடுங்க" என்றேன். எலெக்‌ஷன் வேலை தலைக்குமேல் கிடப்பதாக முனகினார். ஆனாலும் கட்டுக்குள் தேடி என் மனுவை எடுத்து மேலே வைத்தார்.

நேற்று உத்தரவு வந்தது. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். "மனுதாரரின் தந்தை நேரில் ஆஜராகி அளித்த வாக்குமூலத்தின் அடிப்படையில்" என்று அதில் இருக்கிறது. உப்பளக் கூலி, ஆண்டில் எட்டு மாதம் என்றும் இருக்கிறது. அம்மா மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த உத்தரவைக் காட்டி ஹால் டிக்கெட்டும் வாங்கிவிட்டேன்.

நீ இத்தனை வருஷம் மறைத்ததை இப்படிப் பத்திரிகையில் நாலு பேர் படிக்க எழுதுகிறேனே என்று கோபப்படாதே. எனக்கு அதில் வெட்கம் இல்லை என்று உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பரீட்சை. நல்லபடியாக எழுதுவேன், மூன்று வருஷத்தையும் முடிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அம்மா உன் தூக்கைத் துலக்கி வைத்திருக்கிறாள். அதில்தான் சோறு கொண்டுபோகிறேன். நீ பக்கத்தில் நின்றுகொள், அப்பா.

உன் மகள்,
பாப்பா