கருங்குன்றத்து இரும்புப் பெட்டியும் மாதேவியார் அளித்த ரூட்டரும்

கடற்கரையும் கழனியும் ஒரே குடைக்கீழ் நிற்க, நீள்கரை நாட்டை ஆண்டருளும் இளநங்கை மாதேவியாரின் ஆட்சி ஓங்குக. அவரது செய்தி அமைச்சன் அரையன் கணவதி, செவ்வாற்றின் தென்கரையில் பாசறை அமைத்திருக்கும் பெரும்படைத்தலைவர் விக்கியண்ணருக்கு, கருங்குன்றக் கோட்டையின் உள்ளிருந்து எழுதும் ஓலை. தங்கள் யானைகளும் குதிரைகளும் நலமாக இருக்கட்டும். தங்கள் வீரர் எவரும் இன்னும் ஆற்றில் கால் நனைக்காமல் இருக்கட்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கோட்டைத் தலைவர் பூதி நக்கனார் துரோகி அல்லர். படை ஆற்றைக் கடக்க வேண்டாம்.

எல்லைக் கோட்டைகள் அனைத்துக்கும் மாதேவியார் இணைய இணைப்பும் தம் முத்திரை பொறித்த ரூட்டரும் அளித்ததையும், விளக்கேற்றும் வேளையில் தாம் அழைக்கும்போது தலைவர்கள் திரையில் முகம் காட்டி நிலவரம் கூற வேண்டும் என்று ஆணையிட்டதையும் தாங்கள் அறிவீர்கள். மற்றக் கோட்டைகள் முகம் காட்டின. கருங்குன்றம் காட்டவில்லை. நக்கனார் பகைவரோடு சேர்ந்துவிட்டார் என்று அரசவை முடிவு கட்டியது. தங்களுக்குப் படை தரப்பட்டது. உள்ளே சென்று பார்த்துவர எனக்கு ஆணை தரப்பட்டது. இன்று ஞாயிறு மறைவதற்குள் என் முத்திரை ஓலை வராவிட்டால் கோட்டையை இடித்து நக்கனாரின் தலையைக் கொண்டுவர வேண்டும் என்பது தங்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை இங்கு வந்ததும் ரூட்டர் எங்கே என்று கேட்டேன். நக்கனார் என்னைக் கருவூலத்துக்கு அழைத்துச் சென்றார். அரச முத்திரை தாங்கிய எப்பொருளையும் பட்டில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது கருங்குன்றத்து மரபு. ரூட்டரையும் அப்படியே வைத்திருந்தார்கள். சாவித்துளை வழியே கம்பிகள் உள்ளே போயின. மேலே மாலை, எதிரே சாம்பிராணி. பெட்டி சூடாக இருந்தது. அது மாதேவியாரின் அருள் என்று காவலர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இரும்பைத் தாண்டி அலை வெளியே வராது என்று விளக்கினேன். பெட்டியைத் திறந்து வைப்பது அரசியாரை அவமதிப்பதாகும், அதற்குத் தம் தலை போவதே மேல் என்று நக்கனார் கூறினார். தங்கள் படை சாளரத்தில் தெரியும்போதே கூறினார். அப்போது அவர் மனைவி சாத்தியார் குறுக்கிட்டு, அப்படிப் போகும் தலையையும் பட்டில் சுற்றி இதே பெட்டியில் வைப்பதா அல்லது வேறு பெட்டி செய்வதா என்று அமைச்சர் இப்போதே சொன்னால் கொல்லனுக்கு ஆள் அனுப்ப வசதியாக இருக்கும் என்றார். நக்கனார் சாவியை எடுத்தார்.

ரூட்டரைக் கோட்டையின் நடுவே, உயர்ந்த மாடத்தில், சுற்றிலும் மறைப்பில்லாத இடத்தில் வைத்தேன். வெளியிலிருந்து வரும் கம்பி தவறான துளையில் இருந்தது, மாற்றினேன். அணைத்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் இயக்கினேன். சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைப்புக்குக் கருங்குன்றம் என்று பெயரிட்டு, புதிய கடவுச்சொல்லும் இட்டேன். நக்கனார் தலைப்பாகை கட்டித் திரை முன் அமர்ந்தார். அழைப்பு வரும் வேளையில் இணைப்பு அறுந்தது.

காரணம், வாயில் காவல் தலைவர் ஏனாதி கொற்றன். கோட்டைக்குள் வழி திறக்கும் எந்தச் சொல்லையும் மாலைதோறும் மாற்ற வேண்டும், அதை அவர் ஒருவரே அறிய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். கதவுக்கான சட்டத்தை அவர் கடவுச்சொல்லுக்கும் பொருத்திவிட்டார். புதிய சொல்லைக் கேட்டபோது, தலைவரே கேட்டாலும் சொல்லலாகாது என்பது தலைவரே இட்ட ஆணை என்று மறுத்தார். நக்கனாரோ சினங்கொள்ளாமல், இவனைப் போன்ற காவலன் வேறு எந்தக் கோட்டையில் உண்டு என்று என்னிடம் பெருமை பேசினார். துரோகம் செய்ய நினைத்தாலும் இவர்களால் இயலாது என்பதை அப்போதே உறுதி செய்துகொண்டேன்.

இன்று காலை ஒரு வழி கண்டோம். வாயிற்சொல் மாலைதோறும் மாறும். ரூட்டரின் சொல் மாறாது. அதை நீளமாகவும் எளிதில் ஊகிக்க முடியாததாகவும் கொற்றனே அமைத்து, எங்கள் திரையிலும் தாமே இட்டார். பின்னர் மாலைவரை காத்திராமல் நாங்களே மாதேவியாரை அழைத்தோம். நக்கனாரின் முகத்தைக் கண்டதும் அவர் காரணம் கேட்டார்; நடந்ததைக் கூறினேன். பிறகு பெட்டியைக் காட்டச் சொன்னார். அதன்மேல் கிடந்த பூமாலையைக் கண்டதும் சிரித்தார். படை திரும்பட்டும் என்றார். படையைத் திருப்ப முத்திரை ஓலை ஒன்றே செல்லும் என்பதால் இதை அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று. தங்கள் பாசறையில் இணைப்பு இல்லை என்பதையும், வீரர்கள் வீட்டோடு பேசாமல் வாடுகிறார்கள் என்பதையும் அறிவேன். எனவே ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு ஒன்றைத் திறந்திருக்கிறேன். அது வடகரை வரைதான் எட்டும். அதன் சொல்லை மட்டும் மாலைதோறும் மாற்றிக்கொள்ளக் கொற்றனுக்கு இசைந்தேன்; வாயிலில் நின்று அவரே தங்கள் வீரர்களுக்குச் சொல்வார். தங்கள் வீரர்களின் விருந்துக்குச் சாத்தியார் உலையேற்றிவிட்டார்.

ஆகவே, மாதேவியாரின் பெயரால் ஆணை: முற்றுகை நீக்கப்பட்டது. வேலும் வாளும் தென்கரையிலேயே இருக்கட்டும். கைப்பேசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தாங்களும் தங்கள் வீரர்களும் ஆற்றைக் கடந்து வருக.

இது செய்தி அமைச்சன் அரையன் கணவதி எழுத்து. அரக்கில் பதிந்தது மாதேவியாரின் சங்கு முத்திரை.